பிளேட்டோவைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'பட்டதாரிகளுக்கு மட்டுமே ஓட்டுரிமை வேண்டும். அறிவுடையோரே ஆள வேண்டும் என்று பிளேட்டோ அன்றே சொன்னார்' என்று கடந்த வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அண்ணா நகரில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அறவியல் தாள் நடத்துகிறவள் நான். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஞானிகள் ஆள வேண்டும் என்று 'குடியரசு' நூலில் தம் ஆசான் சாக்ரடீஸின் வாயால் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ சொல்வது உண்மைதான். ஆனால் அவர் ஞானி என்றது யாரை? 20 வயதில் பொறுக்கியெடுத்தவர்களுக்குப் பத்தாண்டு கணிதம். அதில் தேறியவர்களுக்கு ஐந்தாண்டு தருக்கம். பிறகு 15 ஆண்டுகள் மக்கள் நடுவே பொறுப்புகளில் புழங்கிப் பழக வேண்டும். 50 வயதில்தான் ஆட்சி. மூன்றாண்டுப் பட்டம் இதில் எந்த மூலைக்கு?

படிப்பைவிடக் கடுமையான நிபந்தனை ஒன்று உண்டு. என் மாணவர்கள் நோட்டில் ஒரு முக்கோணம் வரைந்து வைத்திருப்பார்கள். உச்சியில் தங்கம் என்று பிளேட்டோ சொல்லும் ஆள்வோர், நடுவில் வெள்ளியான போர்வீரர், அடியில் இரும்பும் வெண்கலமுமான உழவரும் கைவினைஞரும். ஓரத்தில் விவேகம், வீரம், தன்னடக்கம், நீதி. அத்தோடு பக்கம் முடிந்துவிடும். அந்த உச்சியில் இருப்பவருக்குச் சொந்த நிலம் கிடையாது, யாரும் நுழையக் கூடாத வீடோ களஞ்சியமோ கிடையாது, பொன்னையும் வெள்ளியையும் கையால் தொடவே கூடாது என்பது எந்த நோட்டிலும் இருப்பதில்லை. பாசறைப் போர்வீரர்களைப் போல எல்லாரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும். கூலி, அந்த ஆண்டுச் சாப்பாட்டுக்கு மட்டும். மிஞ்சவும் கூடாது, குறையவும் கூடாது. சொத்துச் சேர்க்கத் தொடங்கினால் மக்களுக்குத் துணைவராக இருந்தவர் பகைவராகிவிடுவார் என்று மூன்றாம் பகுதியின் முடிவில் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் தாயைப் போல பிள்ளை என்றாலும், தங்கத்துக்கு வெண்கலம் பிறந்தால் இரக்கம் பார்க்காமல் கீழே இறக்கு, இரும்புக்குத் தங்கம் பிறந்தால் மேலே ஏற்று என்பதுதான் ஆட்சியாளருக்கு அவர் இடும் தலையாய கட்டளை. பெண்களும் ஆளலாம் என்கிறார்.

'இப்படியிருந்தால் ஆள்பவனுக்கு என்ன சுகம்?' என்று பிளேட்டோவின் அண்ணன் அடைமாண்டஸே அந்த உரையாடலில் கேட்கிறார். சிலைக்குக் கண்தான் அழகு என்பதற்காக அதற்கு ஊதாச் சாயம் பூசலாமா, கருமைதானே பூச வேண்டும், முழுச் சிலையல்லவா அழகாக இருக்க வேண்டும், அதுபோல ஆள்பவன் மட்டுமல்ல, நகரம் முழுவதும் நன்றாக இருக்க வேண்டும் என்பது சாக்ரடீஸின் பதில். எனக்கு அந்த நூலில் மிகவும் பிடித்த இடம் இது.

இவ்வளவு சொன்னாலும், பிளேட்டோவை முழுக்க ஏற்பவள் அல்ல நான். கி.மு. 399இல் தம் ஆசானுக்கு நஞ்சு கொடுத்த ஏதென்ஸ் மக்களாட்சியின் மேல் அவருக்கு இருந்த கோபம் புரிகிறது. ஆனால் உழுபவனுக்கும் நெய்பவனுக்கும் ஆட்சியில் வாயே இல்லாமல் செய்துவிட்டார். இதற்கு அவருடைய மாணவர் அரிஸ்டாட்டிலே விடை சொல்லிவிட்டார்: ஒரு வீடு எப்படி இருக்கிறது என்பதைக் கட்டியவனைவிடக் குடியிருப்பவன் நன்றாகச் சொல்வான், விருந்தைப் பற்றிச் சொல்லச் சமையற்காரனைவிட உண்பவனே தகுதியானவன்.

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டியபோது, வீட்டுவேலைக்கு வரும் ஓர் அம்மா நின்று பார்த்துவிட்டு, 'வாட்டம் எங்கள் சந்துப் பக்கம் இருக்கிறதே, தண்ணீர் அங்கேதானே வரும்' என்று சொன்னார். அங்கிருந்த பொறியாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த மழையில் அவர்கள் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அந்த அம்மா பள்ளிக்கூடம் போனவரல்லர். வாசகரின் யோசனைப்படி அவருக்கு ஓட்டு இல்லை, பொறியாளருக்கு உண்டு!

இது புதிய யோசனையும் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துத்தான் ஓட்டுரிமை கொடுத்தார்கள். அதை ஒதுக்கிவிட்டுத்தான் நம் அரசியல் சட்டம் வயதுவந்த அனைவருக்கும் ஓட்டளித்தது. முதல் பொதுத்தேர்தலில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத என் பாட்டி அப்படித்தான் ஓட்டுப் போட்டார். அந்த உரிமையைப் பிளேட்டோவின் பெயரைச் சொல்லிப் பறிக்கக் கேட்பதை வன்மையாக மறுக்கிறேன்.

இப்படிக்கு,
தேர்வுப் பயிற்சி ஆசிரியை,
அண்ணா நகர், சென்னை