தங்கச்சியின் கலியாண அல்பம்

மொன்றியால்
பங்குனி 23

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நான் நல்ல சுகம். நீங்கள் இருவரும், தங்கச்சியும் மச்சானும், சின்னவனும் சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மாளை வேண்டுகிறேன்.

பரந்தன் பெரியம்மாவின் மருமகன் போன கிழமை பொதியைக் கொண்டுவந்து தந்தார். மிளகாய்த்தூள் பையைப் பிரிக்க முதலே தும்மல் வந்துவிட்டது. எள்ளுருண்டை ஒன்றும் உடையவில்லை. முருகண்டிக் கச்சானை அவர் விமானத்திலேயே பாதி தின்றுவிட்டார் என்று நினைக்கிறேன், பை லேசாக இருந்தது. கேட்கவில்லை. கருவாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்ததாலோ என்னவோ, உங்கள் கடிதத்தில் இன்னும் விரால் கருவாடு மணக்கிறது. போனில் சொல்லாததை எல்லாம் அதில் எழுதியிருக்கிறீர்கள். நான் எடுக்கிற நேரமெல்லாம் தங்கச்சி பக்கத்தில் நிற்பாள், வாய் திறக்க மாட்டீர்கள். ஆனபடியால் நானும் எழுதியே அனுப்புகிறேன். மருமகன் சித்திரையில் திரும்பி வரும்போது கொண்டு வருவார். முதலில் நீங்களும் அப்பாவும் படியுங்கோ. அவளுக்குக் காட்டுவதா இல்லையா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பங்குனி முடியப் போகிறது, வாசலில் இன்னும் பனி கிடக்கிறது. இந்த ஊரில் மாடி வீட்டுக்குப் படி வெளிப்பக்கம்தான் இருக்கும். இரும்புப் படி, வளைந்து வளைந்து ஏறும். அதில் பனி உறைந்தால் பாசி பிடித்த கேணிக்குள் இறங்குவதுபோலத்தான், கால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இரவில் தெருப் பனியை அள்ள வர முதல் ஒரு லொறி சைரன் அடித்துக்கொண்டு போகும், கார்களை எடுக்கச் சொல்லி. முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது நித்திரைப் பாயிலிருந்து எழும்பிச் செருப்பைத் தேடினேன். அதை விடுவோம்.

கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? முன்பு இந்தப் பகுதி முழுக்க அவர்களுடைய ஆட்கள்தானாம். இப்போது பஞ்சாபிகள், வங்காளிகள், எங்கட ஆட்கள். இவர் மட்டும் போகவில்லை. எனக்குப் பிரெஞ்சு அரைகுறை, அவருக்கு இங்கிலிஷ் அரைகுறை, ஆனாலும் கதை நிற்காது. அவருடைய பின்வளவில் ஒரு அத்திமரம் நிற்கிறது. கார்த்திகை மாதம் கொப்புகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டினார். ஒரு பக்க வேரை மண்வெட்டியால் தறித்தார். பிறகு மரத்தை மெல்ல மெல்லச் சரித்துக் கிடங்குக்குள் படுக்க வைத்து, பலகை, தறப்பாள், அதற்கு மேல் மண் என்று மூடிவிட்டார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். இந்தக் குளிரில் நிமிர்ந்து நின்றால் செத்துவிடுமாம். சித்திரையில் கிண்டி எடுத்து நிமிர்த்துவார், ஆவணியில் பழம் பிடிக்கும். அப்பா நம்பமாட்டார் என்று படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கருவாடு பொரித்த அன்று அவர் படியேறி வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு துண்டைக் கையால் எடுத்து வாயில் போட்டார். அவர்களும் மீனை உப்புப் போட்டுக் காயவைக்கிற ஆட்களாம். மிளகாய்தான் அவரைக் கொன்றுவிட்டது.

வேலை ஒரு குறையும் இல்லை. நடுவில் ஓட்டை உள்ள பாண் சுடுகிற பேக்கரி. முதலில் தேன் கலந்த கொதிநீரில் போட்டு எடுத்து, பிறகு நீட்டுப் பலகையில் அடுக்கி விறகுப் போறணைக்குள் தள்ள வேண்டும். கனடாவுக்கு வந்தும் விறகுதான், அப்பா சிரிப்பார். இரவு வேலை, ஆனால் உள்ளே நல்ல சூடு. காலையில் நடந்தே வருகிறேன், உடம்புக்கு நல்லது என்று. பெரியம்மாவின் மருமகன் என் அறையைப் பார்த்துவிட்டு வந்து ஏதாவது சொன்னால் பெரிதாக எடுக்காதேங்கோ. ஆடி முதலாம் திகதி மாறப் போகிறேன். இங்கே அரைவாசி ஊர் அந்த ஒரு நாளில்தான் வீடு மாறும், தெருவெல்லாம் மெத்தையும் அலுமாரியும். சீட்டைக் கழித்து எடுத்துவிட்டேன் என்றும் அவர் சொல்லக்கூடும். அவருக்குச் சீட்டு விளங்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்ரூடியோக்காரன் இரண்டு மாதமாகியும் ஒன்றும் தரவில்லை, கேட்கப் போனால் மீதிக் காசை வைத்துவிட்டுப் பேசு என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி மச்சான் வீட்டாருக்கு முன்னால் தலை குனிந்து நிற்கிறாள் என்றும். வாசித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. இரண்டு கமெரா, ட்ரோன், நேரலை, இரண்டு அல்பம், சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று என்று என்னிடம் போனில் சொன்னது அவன்தான். மூன்று இலட்சத்து இருபதாயிரத்துக்குப் பேசி இரண்டு இலட்சம் முற்பணமும் வாங்கினான். வந்தது என்ன? மாப்பிள்ளை வந்து இறங்கின பிறகு ஒரு பெடியனும் ஒரு கமெராவும். மோட்டார் சைக்கிளில். அன்றைக்கே வேறு ஒரு கலியாணத்தையும் ஒப்புக்கொண்டிருக்கிறான், நல்ல கமெராவும் ஆட்களும் அங்கே போய்விட்டது. தை மாதத்தில் நல்ல நாள் எத்தனை வரும்? வருகிறதுக்கெல்லாம் கையை நீட்டியிருக்கிறான். அவன் கள்ளன் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசை கூடினவன்.

நேரலையைப் பற்றி உங்களிடம் முழுக்கச் சொல்லவில்லை. பெடியள் எல்லாரும் கூடிப் பெரிய ரீவியில் பார்த்தோம் என்றேன். நல்லாய்த்தான் இருந்தது. இங்கே இரவு பதினொன்று தாண்டிவிட்டது. தங்கச்சி கூறை மாற்றிக்கொண்டு வந்து இருந்தாள், அப்பா தாரை வார்த்தார், அப்பாவின் கை நடுங்கினது கூடத் தெரிந்தது. ஐயர் தாலியை எடுத்து மச்சானின் கையில் கொடுக்கிறார். மேளகாரர் கெட்டிமேளத்துக்கு ஏறுகிறார். படம் நின்றுவிட்டது. மச்சானின் கை பாதி உயரத்தில், பெரியம்மா வாயைத் திறந்தபடி. போனை மா மூட்டையில் சாய்த்து வைத்திருந்தேன், எடுத்துத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், வட்டம் சுற்றுகிறது. போறணைக்காரர் பாண் கருகுது என்று கத்தின பிறகுதான் திரும்பினேன். அந்தப் பெடியன் சின்னவனின் போன் டேற்றாவில்தான் நேரலை போட்டானாம், அது முடிந்துவிட்டதாம். மூன்று இலட்சத்துக்குப் பேசினவன் ஒரு டேற்றா அட்டை போடவில்லை.

நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், 'படம் வராட்டில் என்ன, பிள்ளை சந்தோசமாய் இருக்கு, அது போதும்' என்று. அப்பாவும் விடச் சொல்கிறாராம், அவன் மச்சாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை, ஊருக்குள்ளே பகை வேண்டாம் என்று. மற்ற எந்த விஷயம் என்றாலும் நானும் விடுங்கோ என்றுதான் சொல்வேன். பந்தற்காரன் கதிரை குறைத்ததை விட்டோம்தானே.

ஆனால் அப்பா, கிழவர் மரத்தை மூடின அன்று எனக்கு உங்களுடைய ட்ரங்குப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. 2009 தொடக்கத்தில் வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட முதல் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இரவோடு இரவாகத் தாட்டீர்கள். காணி உறுதிகள், என் பிறப்புப் பத்திரம், அம்மாவின் கலியாண அல்பம். தர்மபுரம், விசுவமடு, மாத்தளன் என்று போன இடமெல்லாம் அம்மா கேட்பா, பெட்டியை ஆழமாய்த்தானே தாட்டனீங்கள் என்று. முகாமிலிருந்து திரும்பி 2010இல் கிண்டினோம். பொலித்தீனில் சுற்றின உறுதி தப்பியது. அல்பம் ஒரு கட்டியாய் ஒட்டிப்போய்க் கிடந்தது. அம்மா தண்ணீரில் ஊறவைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தா. ஒன்றில் கூறைச் சேலையின் கரை தெரிந்தது, பக்கத்தில் அப்பாவின் வேட்டி. முகம் இரண்டும் வெள்ளையாய்ப் போய்விட்டது. அதை அம்மா இன்னும் சாமியறைத் தட்டில் வைத்திருக்கிறா என்று எனக்குத் தெரியும். எங்கட வீட்டில் முகம் தெரிகிற கலியாணப் படம் ஒன்றும் கிடையாது. அம்மம்மாவுடையதும் இல்லை, சின்னமாமாவுடையதும் இல்லை. அதனால்தான் மணவறைச் சோடனைக்கு வைத்த காசைக் குறைத்துப் படத்துக்குக் கூடப் போடச் சொன்னேன். இதை விடச் சொல்லாதேங்கோ.

சின்னமாமா ஆட்களோடு போய் இரண்டு போட்டால் தருவான் என்கிறாராமே. வேண்டாம். அடிபட்டவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு இல்லை என்பான், சின்னமாமா பொலிசில் நிற்பார்.

எனக்கு அல்பம் இரண்டாவது. முதலில் அன்று எடுத்த படங்களும் வீடியோவும் திருத்தாமல் அப்படியே கைக்கு வரவேண்டும். கமெரா அட்டையில் இருப்பதை அவன் கொம்பியூட்டரில் ஏற்றி வைக்காமல் அடுத்த கலியாணத்துக்குப் பாவித்தால் பழையதற்கு மேல் புதியது பதிந்துவிடும், பிறகு யாராலும் எடுக்க முடியாது. அழிந்ததாகச் சொன்னால் அந்த அட்டையைத் தொடாமல் தரச் சொல்லுங்கோ, மேலே ஒன்றும் பதியாமல் இருந்தால் மீட்டுக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மருமகனிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் கொடுத்து விடுகிறேன். சின்னவன் அதைக் கொண்டுபோய் அங்கேயே இருந்து ஏற்றிக்கொண்டு வரட்டும். மச்சாளையும் கூட்டிக்கொண்டு போகட்டும், உறவு என்றால் அதற்கும் உதவத்தானே வேண்டும். மீதி ஒரு இலட்சத்து இருபதாயிரத்தில் ஒரு சதமும் அதற்கு முதல் கொடுக்க வேண்டாம். கொடுக்கும்போதும் வராத கமெராவுக்கும் பறக்காத ட்ரோனுக்கும் கழித்துத்தான்.

தரமாட்டேன் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்கலாம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொருள் மட்டும் இல்லை, சேவையும் அடங்கும். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், கலியாணம் தை கடைசியில் என்றபடியால் சித்திரை கடைசிக்குள். மருமகன் வரும்வரை பார்த்துக்கொண்டு இருந்தால் நாள் போய்விடும் என்று இந்தப் பகுதியை மட்டும் படம் பிடித்துச் சின்னவனுக்கு இன்றே அனுப்புகிறேன். அவர்களுடைய 1977 இலக்கத்துக்குப் போன் எடுத்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். முற்பணம் கொடுத்த ரிசீற் தங்கச்சியின் நகைப் பெட்டிக்குள் இருக்கும், அவன் எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பின விலைப்பட்டியலைச் சின்னவனுக்கு அனுப்பிவிட்டேன்.

அப்பாவுக்கு அது பெரிய இடத்துக்குப் போகிற மாதிரித் தெரிந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. கிழக்கு வேலிப் பிரச்சினைக்குக் குஞ்சியப்பு போனாரே, அதுதான். சட்டத்தரணி தேவையில்லை, செலவும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பக்கத்தையும் இருத்திக் கதைப்பார்கள். ஒத்துப்போனால் எழுதிக் கையெழுத்து, ஒத்துப்போகாவிட்டால் அப்படி என்று ஒரு பத்திரம் தருவார்கள், அதை வைத்துக்கொண்டு கோட்டுக்குப் போகலாம். குஞ்சியப்புவையே கூட்டிக்கொண்டு போங்கோ, அவருக்கு அங்கே கதைக்கப் பிடிக்கும்.

அதற்கிடையில் கலியாணத்துக்கு வந்தவர்களின் போனில் உள்ளதெல்லாம் சேரவேண்டும். மேளகாரரின் மகன் முன்னுக்கு நின்று வீடியோ எடுத்ததை நான் கண்டேன், தாலி கட்டினது அவனிடம் கட்டாயம் இருக்கும். சின்னவனை அவர்கள் வீட்டுக்கு அனுப்புங்கோ. வட்ஸ்அப்பில் வாங்கினால் படம் தரம் குறைந்துவிடும், நேராக வயர் போட்டு எடுக்கச் சொல்லுங்கோ.

சிறுபோகத்தைப் பற்றி அப்பா கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார். குளம் நிறைந்துதானே கிடக்கிறது, கூட்டத்தில் எங்கட வாய்க்காலுக்கு எத்தனை ஏக்கர் விடுகிறார்கள் என்று தெரிந்தவுடன் சொல்லுங்கோ. உழவுக்கும் விதை நெல்லுக்கும் சித்திரை நடுவில் அனுப்புகிறேன். உழவுகாரருக்குப் போன போகத்துக் கடன் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், மறைக்காதேங்கோ. சின்னவனுக்குச் சோதனை முடியும் வரை வயலுக்கு இழுக்க வேண்டாம். அம்மா கண்ணுக்குக் காட்டினாவா? கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் திகதி தள்ளிக் கொடுத்தால் யாழ்ப்பாணத்துக்குப் போங்கோ, செலவை யோசிக்க வேண்டாம். தங்கச்சிக்கு மச்சான் வீட்டில் சித்திரை வருசத்துக்குச் சீலை எடுத்து வைத்துவிட்டீர்களா? இல்லையென்றால் மாமியாருக்கும் சேர்த்து எடுங்கோ, பெரியம்மாவிடம் வாங்கிக் கொடுங்கோ, நான் மருமகனிடம் கணக்குத் தீர்க்கிறேன்.

இப்படிக்கு,
அன்பு மகன்

பி.கு: ஹார்ட் டிஸ்க்கை மருமகன் மறக்காமல் தருகிறாரா என்று பாருங்கோ. கச்சானைப்போல் ஆகிவிடக் கூடாது.