கிரிக்கெட் பேட்டை வெளியே எடுத்துவிட்டேன்

சிங்கப்பூர்
16.11.2025

அன்புள்ள யாழினி,

நேற்றுப் பேசும்போது, உன் வீட்டுப் பக்கத்து கிளப்பில் பெண்கள் கிரிக்கெட் அணிக்கு ஆள் தேடுகிறார்கள் என்றாய். போகிறாயா என்று கேட்டேன். "எனக்கு 26 ஆச்சும்மா, இனிமே என்ன" என்று சொல்லிவிட்டு, இங்கே மழை எப்படி என்று பேச்சை மாற்றினாய். போனில் எனக்குச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு, பெண்கள் உலகக் கோப்பையில், இந்தூரில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடியது உனக்கு நினைவிருக்கும். நான் அடுப்படியில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். ஹாலிலிருந்து அப்பா, "ஜெமிமாவை உட்கார வச்சுட்டாங்க" என்றார். மட்டை பிடிக்கிற பெண், அன்று ஆடும் அணியில் இல்லை. அச்சில் மாவு பாதி இருக்கும்போதே அப்படியே வைத்துவிட்டு வந்து டிவி முன்னால் நின்றேன். அப்பாவுக்கு அதில் ஒரு நியாயம் தெரிந்தது. போன ஆட்டத்தில் 330 அடித்தும் ஆஸ்திரேலியாவிடம் தோற்றார்கள், ஆறாவதாக ஒரு பந்துவீச்சாளர் வேண்டாமா, அதற்குத்தான் ரேணுகா என்றார். கணக்குப்படி சரிதான். ஜெமிமா அதற்கு முன்னால் ஆடிய நான்கு ஆட்டத்தில் இரண்டில் டக், ஒரு ரன்கூட இல்லை. ஆனால் அன்றும் 4 ரன்னில் தோற்றார்கள். ஒரு மட்டையாளர் குறைவது எங்கே போய் இடிக்கும் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தோம்.

பதினோரு நாள் கழித்து அரையிறுதி. 339 எடுக்க வேண்டும், எதிரில் அதே ஆஸ்திரேலியா. மூன்றாவதாக இறங்க வேண்டும் என்பதே ஆடப் போவதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் ஜெமிமாவுக்குத் தெரியுமாம். 127 அடித்து, கடைசி வரை ஆட்டமிழக்காமல் நின்றாள். பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் அவ்வளவு பெரிய இலக்கை யாரும் துரத்திப் பிடித்ததில்லை. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. மறுநாள் வேலை இருந்தும் நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

ஆனால் என்னை உலுக்கியது அதற்குப் பிறகு அவள் பேசியது. அந்தத் தொடர் முழுக்க மனப்பதற்றத்தில் இருந்தாளாம். அம்மாவுக்குப் போன் போட்டு அழுதுகொண்டே இருப்பாளாம். அவள் அப்பா அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொல்ல, எனக்கு உன் அறைக் கதவுதான் கண்ணில் வந்தது.

உனக்கு அப்போது 17. வெளிநாட்டுப் போட்டிக்கான பட்டியலை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தார்கள். நீ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாய். மாற்று வீராங்கனைகளிலும் உன் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நான் சொன்னது என்ன? "நல்லதாப் போச்சு, ஏ லெவல் பரீட்சை வருது, இனிமே படிப்பைப் பாரு." நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாய். என்னிடம் அழவில்லை. அழ இடம் கொடுக்கிற அம்மாவாக நான் அன்று இல்லை. உன்னைத் தேர்ந்தெடுக்காதவர்கள் ஒரு போட்டிக்குத்தான் எடுக்கவில்லை. மொத்தமாக நிறுத்தியது நான்தான். அதற்காக வருத்தப்படுகிறேன் கண்ணு. ஒன்பது வருஷம் கழித்துத்தான் சொல்ல முடிகிறது.

இறுதி ஆட்டத்தன்று உனக்கும் எனக்கும் ஒரே நேரம் என்பதால், அங்கே பெர்த்தில் நீயும் விழித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். மழையால் இரண்டு மணி நேரம் தாமதம், முடியும்போது விடிகாலை இரண்டரை. ஷெபாலியைப் பார்த்தாயா? ஒரு வருஷமாக ஒருநாள் அணியில் இல்லை. உலகக் கோப்பை பதினைந்து பேரில் இல்லை, மாற்றுப் பட்டியலிலும் இல்லை. ஹரியானாவுக்காக உள்ளூர் டி20 ஆடிக்கொண்டிருந்தவளை, தொடக்க ஆட்டக்காரி பிரதிகாவுக்குக் கணுக்காலில் அடிபட்டதும் கூப்பிட்டார்கள். வந்து 78 பந்தில் 87, அதோடு இரண்டு விக்கெட். ஆட்ட நாயகியும் அவள்தான். கூப்பிட்டபோது அவள் மைதானத்தில் இருந்தாள், அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

பிரதிகாவை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. 300 ரன்னுக்கு மேல் அடித்துக் கொடுத்தவள், சக்கர நாற்காலியில் வந்து கொண்டாடினாள். பதினைந்து பேர் பட்டியலில் இடம் மாறிவிட்டதால் அன்றிரவு அவளுக்குப் பதக்கம் கிடையாது. பெற்றவள் அதை எப்படிப் பார்த்திருப்பாள்!

அப்பாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவர் கருண் நாயரை இழுத்தார். 2016-இல் சேப்பாக்கத்தில் 303 அடித்தவர், எட்டு வருஷம் காத்திருந்து இந்த ஜூனில் இங்கிலாந்தில் திரும்ப ஆடினார், நான்கு டெஸ்ட் முடிந்ததும் மறுபடி நீக்கிவிட்டார்கள், பிள்ளைக்கு ஏன் ஆசை காட்டுகிறாய் என்றார். நீக்கிவிட்டார்கள், உண்மைதான். ஆனால் அந்த மனிதர் இந்த மாதமும் கர்நாடகாவுக்காக ரஞ்சிக் கோப்பையில் இரட்டைச் சதம் போட்டிருக்கிறார் என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த பேட் எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் சாமான் போட்டு வைக்கும் பாம் ஷெல்டரில், பழைய ஃபேனுக்குப் பின்னால் இருந்தது. கைப்பிடி ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து என் உள்ளங்கையெல்லாம் கறுப்பு. அடி நுனி ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. ஆனால் முகத்தைத் திருப்பிப் பார்த்தால், சிவப்புத் தழும்பெல்லாம் நடுவில் ஒரே இடத்தில், ஐம்பது காசு அகலத்துக்குள் குவிந்து கிடக்கிறது. ஓரத்தில் இரண்டோ மூன்றோதான். பாலஸ்டியர் சாலை மைதானத்தில் வேலியோரம் குடை பிடித்து உட்கார்ந்து, எப்போது முடியும் என்று நான் மணி பார்த்துக்கொண்டிருந்த சனிக்கிழமைகளில் நீ இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாய்.

அப்பா ஆளிவிதை எண்ணெய் வாங்கி வந்து, தினமும் ராத்திரி கொஞ்சம் தடவி வைக்கிறார். டிசம்பரில் வரும்போது கொண்டுவருகிறோம். விளையாட்டுச் சாமானில் மண் இருந்தால் உங்கள் ஊர் விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்களாமே, அதனால் உன் ஸ்பைக்ஸ் ஷூவின் அடியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஆணி இடுக்குகளில் காய்ந்த புல்லும் மண்ணும் இன்னும் இருக்கின்றன. இந்த ஷூ உனக்கு இப்போதும் சேருமா, இல்லை அரை சைஸ் பெரிதாக வாங்கட்டுமா? வியாழக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அம்மா