காமாலைக் குழந்தைக்கு இளவெயில் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்டா கிராமங்களில் பச்சிளங்குழந்தைக்கு மஞ்சள் கண்டால், "காலை வெயிலில் காட்டு, சரியாகிவிடும்" என்பார்கள். கழுதைப்பால் புகட்டுவோரும் உண்டு. இரண்டையும் நம்பி நாளைக் கடத்தக் கூடாது. மருத்துவமனையில் தருவது அளவான நீல ஒளி. அது உடலில் மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் என்ற பொருளைச் சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறும்படி மாற்றுகிறது. கண்ணை மூடிக் கட்டுவது, உடல்சூடு பார்ப்பது, இரண்டு மூன்று மணிக்கொருமுறை தாய்ப்பால் கொடுக்கவைப்பது எல்லாம் செவிலியர் வேலை. இரவிலும் ஓய்வில்லை. பச்சிளங்குழந்தை வார்டுகளுக்குக் கூடுதல் செவிலியரை அரசு நியமிக்க வேண்டும்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் ஆபத்து. முற்றினால் மூளையும் காதும் பாதிக்கும். கிராம சுகாதாரச் செவிலியர்கள் இதைத் தாயிடம் மட்டுமல்ல, முடிவெடுக்கும் பாட்டிகளிடமும் சொல்லட்டும்.

- வாசகி, மன்னார்குடி