கருவேல விறகில் இலவங்கட்டை கலந்து அனுப்பியது குறித்த புகார்

விற்பனை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். காய்ந்த கருவேல விறகு 500 கிலோ கேட்டிருந்தேன். 6 வாரத்துக்கு முன் உங்கள் வண்டி வந்து இறக்கிவிட்டுப் போனது. மேலே அடுக்கியிருந்தவை கருவேலம்தான், அதில் குறை இல்லை. கறுத்து, நெடுக ஆழமாக வெடித்த பட்டை; பிளந்தால் உள்ளே செம்பழுப்பு வைரம், அதாவது மரத்தின் கெட்டியான நடுப்பகுதி. அந்த அடுக்கைத் தாண்டியதும் வேறு மரம்.

அன்றே தொலைபேசியில் சொன்னேன். "எடை சரியா இருக்கே சார், அப்புறம் மரம் எப்படி மாறும்?" என்றார் உங்கள் ஊழியர். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கீழே இருந்த கட்டைகளின் பட்டை சாம்பல் நிறம். சிலவற்றில் அடி பருத்த கூம்பு முட்கள், சிலவற்றில் முள் உதிர்ந்த தழும்பு. கருவேலத்துக்கும் முள் உண்டே என்பீர்கள். அது இலைக்காம்போரம் ஜோடியாக நீளும் வெள்ளை முள். அடிமரத்துப் பட்டையில் இப்படிக் கூம்பாக முளைக்காது.

பட்டையை மட்டும் நம்ப வேண்டாமென்று ஒன்றைப் பிளந்தேன். ஒரு சாண் பருமன் இருந்தும் நடுவரை வெளுப்பு. சின்னக் கிளையென்றால் கருவேலத்திலும் வைரம் பாய்ந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பருமனுக்கு அந்தச் சாக்கு செல்லாது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. இது இலவம்பஞ்சு மரம்.

சரி, எடைக்கு வருவோம். இலவத்துக்குள் காற்றுக்குத்தான் இடம் அதிகம். பச்சையாக வெட்டினால் அந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், தராசும் ஏமாறும். வந்த அன்று ஒரு கட்டையை நிறுத்தேன்: 1 கிலோ 400 கிராம். பிளந்து 5 வாரம் வெயிலில் போட்டு மறுபடி நிறுத்தபோது 600 கிராம். 800 கிராம் தண்ணீரை விறகு விலைக்கு வாங்கியிருக்கிறேன். காய்ந்த துண்டை வாளித் தண்ணீரில் போட்டால் பெரும்பகுதி மேலேயே மிதந்தது. கருவேலத் துண்டு முக்கால்வாசி முழுகி நின்றது.

நன்றாகக் காய்ந்தால் எந்த மரமும் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரே சூடுதான் தரும் என்று நீங்கள் வாதாடலாம். உண்மைதான், ஆனால் நீங்கள் அனுப்பியது காய்ந்த கிலோ இல்லையே. அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது, புகை வேறு. காய்ந்த பிறகும் இலவம் சடசடவென்று எரிந்து தீரும், கங்கு நிற்காது. நான் கருவேலம் கேட்டதே கங்குக்காகத்தான்.

பிரித்து நிறுத்ததில் கருவேலம் 140 கிலோ. மீதி 360 கிலோவுக்குக் கருவேலம் அனுப்புங்கள், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இந்த முறை அடியடுக்கைப் பார்த்த பிறகே இறக்க விடுவேன். வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும்.

இலவங்கட்டைகளை அப்படியே வைத்திருக்கிறேன், வந்து எடுத்துப் போகலாம். தாமதித்தால் எடை இன்னும் குறையும். அதற்கு என்னைக் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்