கடவுளையும் சாட்சிக்கு அழைத்தவர்கள்: வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதும் குழுவினருக்கு வணக்கம்.

நான் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். பழைய நாகரிகங்கள் பற்றிய பாடங்களில் 'சமயம்' என்று ஒரு துணைத்தலைப்பு வரும். அதன் கீழே ரா, ஒசிரிஸ், ஷமாஷ், இஷ்தார் என்று கடவுள்களின் பெயர்கள். 'சட்டம்' என்று இன்னொரு துணைத்தலைப்பு. அதில் பாபிலோன் அரசர் ஹமுராபி. இரண்டுக்கும் என்ன உறவு என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. அந்த மனிதர்கள் எதை நியாயம் என்று நினைத்தார்கள்? கடவுள் சொன்னார் என்பதற்காக அதை ஏற்றார்களா, இல்லை தங்களுக்குத் தெரிந்த நியாயத்துக்குக் கடவுளைத் துணைக்குக் கூப்பிட்டார்களா? "சாமிக்குப் பயந்துதான் அந்தக் காலத்துல எல்லாரும் ஒழுங்கா இருந்தாங்களா மிஸ்?" என்று என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். புத்தகம் எழுதுகிற நீங்கள்தான் இந்தக் கேள்விக்கு இடம் கொடுக்க வேண்டும். அதற்கான சான்றுகள் களிமண் பலகைகளிலும் கல்லறைச் சுவர்களிலும் தாராளமாகக் கிடக்கின்றன.

மெசபடோமியாவின், அதாவது இன்றைய ஈராக்கின், தென்பகுதியான சுமேரியாவில் லகாஷ் என்ற நகரம். பொ.ஆ.மு. (கி.மு.) 2350 வாக்கில் உருககினா என்ற அரசர் அங்கே செய்த சீர்திருத்தங்களின் வாசகம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு பகுதி சாவுச் சடங்குக்கான கட்டணம் பற்றியது. ஓர் உடலைப் புதைக்கக் கொண்டுபோனால், அங்கே சடங்கு செய்பவர் 7 குடம் பீர், 420 ரொட்டி, அதோடு பார்லி, கம்பளி ஆடை, ஓர் ஆடு, ஒரு கட்டில் என்று வாங்கிக்கொண்டிருந்தார். இனிமேல் 3 குடம் பீரும் 80 ரொட்டியும் ஓர் ஆடும் ஒரு கட்டிலும்தான் என்று அரசர் குறைத்தார். கோயில் மாடுகளைக் கொண்டு ஆட்சியாளரின் வெங்காயத் தோட்டத்தை உழுது வந்ததையும் அதே வாசகம் குற்றமாகச் சொல்கிறது. கடைசியில், விதவையையும் அநாதையையும் வலியவனிடம் ஒப்படைக்க மாட்டேன் என்று நிங்கிர்சு தெய்வத்தோடு அரசர் உடன்படிக்கை செய்துகொள்கிறார்.

இதில் எத்தனை இருக்கிறது பாருங்கள். சடங்கு செய்பவர்களின் பேராசையைத் தவறு என்று சொல்லும் துணிவு இருக்கிறது. அப்படிச் சொல்வதற்குத் தெய்வத்தின் பெயரே ஆதாரமாகவும் நிற்கிறது. உருககினாவை உத்தமராகக் காட்டச் சொல்லவில்லை. அரசக் குடும்பத்தின் நிலங்களைத் தெய்வத்துக்குத் திருப்பித் தந்ததாக அவர் சொன்னாலும், பாவு தெய்வத்தின் பெயருக்கு மாறிய அந்தப் பெரும் பண்ணையை அரசிதான் தொடர்ந்து நிர்வகித்தார். இதையும் சேர்த்தே எழுதுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும்.

அப்புறம் ஹமுராபி. 1901இல் இன்றைய ஈரானில் உள்ள சூசாவில் கிடைத்த, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் அந்தக் கருங்கல்லின் படம் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. உச்சியில் சூரிய தெய்வம் ஷமாஷ் அமர்ந்திருக்க, எதிரே அரசர் நிற்கிறார். வலியவன் எளியவனை ஒடுக்காமல் இருக்க இந்தச் சட்டங்களை நாட்டியதாக அரசர் அதில் அறிவிக்கிறார். "கண்ணுக்குக் கண்" என்பதோடு நாம் பாடத்தை முடித்துவிடுகிறோம். அடுத்தடுத்த விதிகளையும் தாருங்கள். உயர்குடியினர் ஒருவரின் கண்ணைக் கெடுத்தால்தான் கண்ணுக்குக் கண். சாதாரணக் குடிமகனின் கண் என்றால் ஒரு மினா (ஏறக்குறைய அரைக் கிலோ) வெள்ளி. அடிமையின் கண் என்றால் அவனுடைய விலையில் பாதி. தெய்வத்தின் உருவம் பொறித்த கல்லிலேயே ஆளுக்கு ஆள் கண்ணின் விலை மாறுகிறது. நீதியின் தெய்வம் என்று ஒருவரை வணங்கிய சமூகத்தில் அந்த நீதி யார் யாருக்கு எவ்வளவு எட்டியது என்று கேட்கப் பழக்காவிட்டால், வரலாறு படித்து என்ன பயன்?

மெசபடோமியாவிலிருந்தே இன்னொன்றையும் சேர்க்கலாம். ஷுர்பு என்ற மந்திரத் தொகுப்பு. நோயில் விழுந்தவருக்காக, அவர் செய்திருக்கக்கூடிய தவறுகளைப் பூசாரி ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்வார். கள்ளத் தராசு பிடித்தானா, தந்தையையும் மகனையும் பிரித்தானா, எல்லைக் கல்லை மாற்றி வைத்தானா என்று பட்டியல் நீளும். சடங்கில் நேர்ந்த சின்னச் சின்னத் தவறுகளும் அதே பட்டியலில், அதே குரலில் வரும். பிறகு ஒரு வெங்காயத்தை உரித்து உரித்து நெருப்பில் போடுவார்கள். இந்தத் தோல் எரிவதுபோல் பாவமும் எரியட்டும் என்பது மந்திரம். பக்கத்து வீட்டுக்காரனை ஏமாற்றியதும் தீட்டுப் பட்டதும் அந்த மனிதர்களுக்கு ஒரே வகைக் குற்றமாகத் தெரிந்தன. நோய் தீர இரண்டையும் ஒரே நெருப்பில் எரித்தார்கள். ஏமாற்றப்பட்டவனுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியை மட்டும் அந்த நெருப்பு தொடவில்லை.

எகிப்துக்குக் கூடுதல் பக்கங்கள் கேட்கிறேன். மம்மி செய்யும் முறையைச் சற்றே சுருக்கினால் இடம் கிடைத்துவிடும். அஸ்வானுக்கு எதிரே மலையில் குடைந்த கல்லறை ஒன்றில் ஹர்குஃப் என்ற அதிகாரி தன் வாழ்க்கையை எழுதிவைத்திருக்கிறார். காலம் பொ.ஆ.மு. 2300ஐ ஒட்டியது. பசித்தவனுக்கு ரொட்டி கொடுத்தேன், உடையில்லாதவனுக்கு உடை கொடுத்தேன், படகில்லாதவனைக் கரை சேர்த்தேன் என்று அதில் சொல்கிறார். மறுமைக்குப் போகும்போது காட்ட வேண்டிய நற்சான்றாகவே இதை எழுதினார் என்று வைத்துக்கொண்டாலும், எதைக் காட்டினால் மதிப்பு என்று அந்தச் சமூகம் முடிவு செய்திருந்தது பாருங்கள்.

ஆயிரம் ஆண்டு கழித்து இதே எண்ணம் ஒரு நீதிமன்றமாக வளர்ந்தது. இறந்தவரின் இதயம் தராசின் ஒரு தட்டில், உண்மைக்கும் ஒழுங்குக்கும் உரிய தெய்வமான மாஅத்தின் இறகு மறுதட்டில். அனுபிஸ் என்ற தெய்வம் எடை பார்க்க, தோத் என்ற தெய்வம் எழுதிக்கொள்கிறார். 42 தெய்வங்களின் முன் 42 மறுப்புகள்: கொல்லவில்லை, திருடவில்லை, யாரையும் அழவைக்கவில்லை. இதே பகுதியில் அளவையைக் குறைக்கவில்லை, குழந்தைகளின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை, ஓடும் தண்ணீரைத் தடுக்கவில்லை என்றும் வரும். நைல் நதியை நம்பி வாழ்ந்தவர்களுக்குத் தண்ணீரைத் தடுப்பது எப்பேர்ப்பட்ட பாவம் என்று வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. வசதி உள்ளவர்கள் பச்சைக் கல்லில் வண்டு உருவம் செய்து, மந்திரம் பொறித்து, பிணத்தின் நெஞ்சுப் பகுதியில் வைத்தார்கள். "என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே" என்பதுதான் அந்த மந்திரத்தின் சாரம். மறுப்புகள் எழுதிய பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்கள் பெயருக்கு மட்டும் இடம் விட்டு முன்கூட்டியே தயாராகி விற்பனைக்கு வந்தன. வாங்கியவர் பெயரை நிரப்பிக்கொண்டால் போதும், அவர் யாரையும் அழவைக்காதவர் ஆகிவிடுவார். மனசாட்சிக்கு இவ்வளவு அழகான உருவம் கொடுத்த ஒரு மதம், அதன் வாயை அடைக்கும் கல்லையும் செய்து கொடுத்தது. எனக்கு எகிப்தின் மீது மரியாதை குறையவில்லை. ஆனால் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது பொய் சொல்வதற்குச் சமம்.

சரி, சுருள் வாங்க வசதியில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? பொ.ஆ.மு. 1850 வாக்கில் எழுந்த ஓர் எகிப்தியக் கதையில், கழுதைகளைப் பறிகொடுத்த ஓர் உழவன் அதிகாரியிடம் ஒன்பது முறை முறையிடுகிறான். கடைசியில், உன்னைப் பற்றி அனுபிஸிடமே போய்ச் சொல்கிறேன் என்கிறான். அதிகாரிக்கு மேலே முறையிட அவனுக்குத் தெய்வம் தேவைப்பட்டது. இது கதை. நடந்ததையே சொல்ல வேண்டுமானால் மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டு இருக்கிறது, சுமார் பொ.ஆ.மு. 1157. பாரோக்களின் கல்லறைகளைக் கட்டிய, டெய்ர் எல் மதீனா என்ற ஊரின் தொழிலாளர்களுக்குக் கூலியான தானியம் வரவில்லை. வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களுக்குப் போய் உட்கார்ந்தார்கள். பசியாலும் தாகத்தாலும் வந்தோம், துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை என்றார்கள். பின்னொரு நாள், நாங்கள் பசிக்காக மட்டும் வரவில்லை, பாரோவின் இந்த இடத்தில் தீமை நடந்திருக்கிறது என்றும் சொன்னார்கள். இத்தாலியின் டூரின் நகரில் உள்ள ஒரு பாப்பிரஸ் இதைப் பதிவு செய்திருக்கிறது. இறகும் தராசும் வரைந்த கைகள் இவர்களுடையவைதான். இறந்தபின் நடக்கும் தீர்ப்பை வரைந்தவர்கள் அதை உயிரோடு இருக்கும்போதே கேட்டார்கள்.

என் மாணவியின் கேள்விக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: பயம் மட்டும் அவர்களை ஒழுங்காக வைக்கவில்லை. மனிதர்கள் தாங்கள் உணர்ந்த நியாயத்தைத் தெய்வத்தின் வாயில் வைத்தார்கள், பிறகு அந்தத் தெய்வத்தின் பெயரால் அரசனையும் பூசாரியையும் கேள்வி கேட்டார்கள். அரசனும் பூசாரியும் அதே பெயரால் தப்பிக்கவும் பார்த்தார்கள். கிரேக்கத்தில் செனோஃபனிஸ் என்ற சிந்தனையாளர் ஒரு படி மேலே போய், திருட்டையும் கள்ள உறவையும் ஏமாற்றையும் தெய்வங்கள் மேல் ஏற்றிவிட்டார்கள் என்று காவியப் புலவர் ஹோமரையே கண்டித்தார். தெய்வங்களை அளக்கவும் அவரிடம் ஒரு கோல் இருந்தது.

நம் பக்கத்துச் சான்றுகளும் இருக்கின்றன. அசோகரின் ஒன்பதாம் பாறைக் கல்வெட்டு, நோய்க்கும் திருமணத்துக்கும் பயணத்துக்கும் மக்கள் செய்யும் சடங்குகளால் பயன் குறைவு என்று சொல்லி, அடிமைகளையும் பணியாளர்களையும் முறையாக நடத்துவதையே தர்மச் சடங்கு என்கிறது. கலிங்கப் போரோடு அசோகரை முடிக்காமல் இதையும் கொடுங்கள். புறநானூறு 134இல் ஆய் என்ற வள்ளலைப் பாடும் முடமோசியார், "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்" என்கிறார். மறுமைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவன் அறத்தை விலைபேசும் வணிகன், ஆய் அப்படிப்பட்டவன் அல்லன், சான்றோர் போன வழி என்பதற்காகவே கொடுத்தான் என்கிறது பாட்டு. தமிழ்ப் பாடத்தில் மனப்பாடப் பகுதியாக மட்டும் இது நிற்க வேண்டியதில்லை. எகிப்தின் தராசுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இதன் தைரியம் தெரியும்.

அடுத்த முறை பாடநூலைத் திருத்தும்போது, எகிப்து, மெசபடோமியா பாடங்களின் நடுவே நான்கு பக்கம் ஒதுக்குங்கள். லகாஷின் சாவுக் கட்டணப் பட்டியலையும், ஹமுராபியின் மூன்று கண் விதிகளையும், வண்டுக் கல்லின் மந்திரத்தையும், டெய்ர் எல் மதீனா தொழிலாளர்களின் சொற்களையும் எளிய மொழிபெயர்ப்பில் அப்படியே அச்சிடுங்கள். பயிற்சியில் 'பொருத்துக' வேண்டாம். "இந்த வாசகத்தில் யார் யாரிடம் நியாயம் கேட்கிறார்கள்? தெய்வம் யார் பக்கம் நிற்பதாகச் சொல்கிறார்கள்?" என்று இரண்டு கேள்விகள் போதும். பொதுத் தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லாவிட்டாலும் என் வகுப்பில் நடத்துவேன். மற்ற ஆசிரியர்களும் நடத்த அது புத்தகத்தில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியை