அந்த ஸ்கோப்பை அப்படியே நம்பாதே

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். நேற்று புரட்டாசி சனிக்கிழமை. திருவந்திபுரம் கோயிலில் நிற்க இடமில்லை. உன் அம்மா மூட்டுவலியோடு மலையேறி ஹயக்ரீவரையும் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து நீ போனில் மான் வேட்டை என்று ஆரம்பிக்கிறாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "என்னமோ மான்னு சொன்னானே?" என்றாள். "மானேஜர்" என்று சொல்லி வைத்தேன். அதனால்தான் இந்த ஈமெயில். இதை மட்டும் அவள் திறந்து பார்க்க மாட்டாள்.

வேட்டை எனக்குப் பிடிக்காது, அது உனக்கே தெரியும். இங்கே 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டமும் 1991-ல் வந்த அதன் திருத்தமும் அந்தப் பேச்சை முடித்துவிட்டன. உன் மிச்சிகனில் லைசென்ஸ் உண்டு, நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கி சீசன் உண்டு, அது அந்த ஊர் நடைமுறை. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கிற தூரக்கண்ணாடியைப் பற்றி, "மலிவா ஒரு ஸ்கோப் கிடைச்சுதுப்பா, மாட்டிக்கிட்டு நேரா காட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றாயே, அதுதான் ராத்திரி தூங்க விடவில்லை. சர்வே வேலையில் மட்டம் பார்க்கிற லெவல் மெஷினும் கோணம் அளக்கிற தியோடலைட்டும் தூக்கியே காலத்தை ஓட்டினவன் பிள்ளை பேசுகிற பேச்சா இது?

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு வடிகால் வேலை. கான்ட்ராக்டர் மலிவாக ஒரு ஆட்டோ லெவல் வாங்கி வந்தார். பெட்டியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "புதுசு சார், சர்டிபிகேட் இருக்கு" என்றார். இரண்டு முளை அடித்து, நடுவில் ஒரு தடவை, ஓரத்தில் ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால் 20 நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். நான் பார்க்கவில்லை. 50 மீட்டருக்கு 6 மில்லிமீட்டர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது அந்த மெஷின். கடலோரத் தரையில் கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சரிவு கிடைப்பதே பெரிய விஷயம். அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஐப்பசி மழையில் தண்ணீர் நகராமல் நின்றது. நானும் முழங்கால் சேற்றில் நின்றேன், அந்த ஊர்க்காரர்கள் பேசினதையெல்லாம் கேட்டுக்கொண்டு.

உன் ஸ்கோப்பும் அதே ஜாதிதான். கண்ணாடி, குறுக்குக்கம்பி, அதை நகர்த்த ரெண்டு திருகு. அங்கே தப்பினால் தண்ணீர் நிற்கும். இங்கே தப்பினால் ஒரு ஜீவன் வயிற்றில் குண்டோடு ஓடும்.

முதலில் மாட்டுவதைப் பார். ஸ்கோப் சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு அதைத் துப்பாக்கியோடு பிடிக்கிற ரிங்கின் திருகுதான் லூஸ். ஒரு பக்கத்தை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதே. கார் சக்கர நட்டு மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு. மலிவுச் சாமான் குழாய் மெல்லிசு, பலத்தைக் காட்டினால் நசுங்கும். கம்பி நேராக நிற்கிறதா என்று பார்க்க ரசமட்டம் வேண்டாம், தூரத்தில் ஒரு தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு அந்த நூலோடு செங்குத்துக் கம்பியைச் சேர்த்துப் பார்.

அப்புறம் கண். ஸ்கோப்பை வெறும் வானத்துக்குக் காட்டி (சூரியன் பக்கம் வேண்டாம்), கண் வைக்கிற பக்கத்து வளையத்தைத் திருகிக் கம்பி கறுப்பாகத் தெரிகிறபடி வை. ஒரு பார்வை பார்த்ததும் கண்ணை எடுத்துவிடு. உற்றுப் பார்த்தால் கண் தானாகச் சரிக்கட்டிக்கொண்டு உன்னை ஏமாற்றும். பிறகு துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டு. குறி மேல் கம்பி நகர்ந்தால் அதுதான் பேரலாக்ஸ். இந்த மாதிரி ஸ்கோப்பைப் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்து அனுப்புவார்கள், அந்தத் தூரத்தில் பார்.

சுடும்போது முதலில் 25 கஜம். உன் திருகு 'கிளிக்' என்று ஒரு தடவை திரும்பினால் 100 கஜத்தில் குண்டு விழும் இடம் கால் அங்குலம் நகரும் என்றால் 25-ல் அதில் கால் பங்குதான். ஒரு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் 16 கிளிக். அது சரியானதும் 100-க்குப் போ. மூணு மூணாகச் சுடு, நடுவில் குழல் ஆறட்டும். காட்டுக்கு எடுத்துப் போகப்போகிற அதே தோட்டாவாக இருக்க வேண்டும்.

இனிமேல்தான் மெஷினின் யோக்கியதை தெரியும். குறியை மாற்றாமல் ஒன்று சுடு. 20 கிளிக் மேலே, ஒன்று சுடு. 20 வலது, பிறகு 20 கீழே, 20 இடது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு. பேப்பரில் அஞ்சு அங்குலச் சதுரம் விழ வேண்டும், கடைசிக் குண்டு முதல் ஓட்டையைத் தேடி வர வேண்டும். உள்ளே ஸ்பிரிங் சோப்ளாங்கியாக இருந்தால் கிளிக் சத்தம் மட்டும் கேட்கும், கம்பி சோம்பேறித்தனமாக நின்றுவிட்டு அடுத்த அதிர்ச்சியில் நகரும். தியோடலைட் திருகில் இந்த ஆட்டத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஜூமை 3 மடங்கிலும் 9 மடங்கிலும் வைத்துச் சுட்டுப் பார், குண்டு விழும் இடம் மாறக்கூடாது. ஒரு 20 ரவுண்டு ஆனதும் திரும்ப ஜீரோ பார், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழுகிறதா என்று. அடுத்த வாரம் போய் இன்னொரு தரமும் பார்.

சாயங்கால வெளிச்சம் மங்கினால் 9-ல் வைக்காதே. முன்பக்கத்து 40 மில்லிமீட்டர் கண்ணாடியை 9-ஆல் வகுத்தால் நாலரை மில்லிமீட்டர்கூட வராது, அவ்வளவு அகல வெளிச்சம்தான் கண்ணுக்கு வரும். 4-ல் வை, பளிச்சென்று இருக்கும்.

இன்னொன்று. தூரத்தில் ஏதோ அசைகிறதே என்று ஸ்கோப்பில் பார்க்காதே. அது ஆளாக இருந்தால் நீ அந்த ஆளைக் குறிபார்த்துக்கொண்டு நிற்கிறாய். அதற்குப் பைனாகுலர் இருக்கிறது, காசு இல்லையென்றால் சொல், அனுப்புகிறேன். ஆரஞ்சு சட்டை போட மறக்காதே.

கெடிலம் ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. மாடித் தளத்தில் விரிசலுக்குச் சிமெண்ட் பூசியாயிற்று. சுட்ட பேப்பர் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பு, சதுரத்தை நான் அளந்து பார்த்துச் சொல்கிறேன். ஈமெயிலில் அனுப்பு. வாட்சப்பில் வேண்டாம், அந்த போன் அம்மா கையில்தான் இருக்கிறது.

அப்பா
மஞ்சக்குப்பம், கடலூர்