பள்ளிக் கட்டடப் பணிக்குத் துணை நின்றோருக்கு நன்றி மடல்

ஊர்ப் பெரியோர்களுக்கும் பெற்றோர்களுக்கும் முன்னாள் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

நம் அரசு உயர்நிலைப் பள்ளியின் பழைய கட்டடத்தில் கூரைப் பணி நிறைவடைந்து, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் காலாண்டுத் தேர்வைத் தங்கள் சொந்த வகுப்பறைகளிலேயே எழுதியிருக்கிறார்கள். கோடை விடுமுறையில் தொடங்கிய வேலை, பள்ளி திறந்த பிறகும் மாதக்கணக்கில் நீண்டது. ஆயினும் கட்டட வேலையைக் காரணம் காட்டி ஒரு வகுப்பும் நிறுத்தப்படவில்லை. அதற்குத் துணை நின்றவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் விரும்பியதால், இரண்டின் சார்பிலும் இம்மடலை எழுதுகிறேன்.

நிதியைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். அரசு ஒதுக்கீடு, ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியே வந்த நன்கொடை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரியும் முன்னாள் மாணவர்கள் தந்த தொகை ஆகியவற்றின் வரவு செலவு, ரசீது எண்களுடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. கொடுத்த அனைவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால், வேலை நடக்கும்போது பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்விக்குப் பணத்தால் விடை கிடைக்கவில்லை.

மைதானத்தில் கொட்டகை போடலாம் என்றே முதலில் எல்லோருக்கும் தோன்றியது. 2004ஆம் ஆண்டு கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீக்கு இரையான பிறகு, பள்ளியில் கீற்றுக் கூரையை நினைத்தே பார்க்க முடியாது. அக்கினி நட்சத்திரம் முடிந்தும் வெயில் தணியாத நம் வேலூர்ப் பக்கத்தில், தகரக் கொட்டகையில் பிள்ளைகளை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில்தான், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள திருமண மண்டபத்தின் உரிமையாளர், “ஆனியில் முகூர்த்தம் இல்லாத நாள்களில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆடி முழுக்க மண்டபம் சும்மாதான் கிடக்கும்” என்று சாவியைக் கொடுத்தார். அதன் பிறகு எங்கள் கால அட்டவணையைப் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போட்டோம். பந்தி நடக்கும் கூடத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புகளும், மணமேடைக்கு முன்னே எட்டாம் வகுப்பும் நடந்தன. வாடகை மட்டுமன்றி மின்கட்டணத்தையும் அவர் வாங்க மறுத்துவிட்டார். மண்டபத்தில் மின்விசிறிகள் அதிகம் என்பதால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குப் பள்ளிக்குத் திரும்பவே மனமில்லை என்பதையும் அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கியதும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தார் தங்கள் நூல் கிடங்கின் ஒரு பாதியை ஒழித்துத் தந்தார்கள். கைலி நெசவுக்கான நூல் மூட்டைகளை மறு பாதியில் நெருக்கி அடுக்கிக்கொண்டு, தங்கள் அன்றாட வேலைக்கு நேர்ந்த இடைஞ்சலை அவர்கள் ஒரு முறைகூட எங்களிடம் சொல்லிக் காட்டியதில்லை. சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும், பள்ளியில் ஒரு பந்தி, வெளியே ஒரு பந்தி என்று நாள்தோறும் இரண்டு இடங்களில் பரிமாறினார்கள். சோற்றுப் பாத்திரங்களையும் முட்டைகளையும் ஏற்றிச் சென்ற ஷேர் ஆட்டோக்காரருக்கு டீசல் செலவை மட்டுமே கொடுத்தோம்.

கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1950களின் இறுதியில், ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. அந்நாள்களில் ஊரார் கொடுத்த மரத்தையும் செங்கல்லையும் கொண்டு எழுந்தது நம் பழைய கட்டடம். தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்களை விளிம்பில் நிறுத்திக் கோணலாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுக் கெட்டித்து, மேலே தட்டு ஓடுகள் பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை அது. 2021 நவம்பரில் கௌண்டன்யா ஆறு கரைபுரண்ட அந்த மழையில் சுவரோரமாக இறங்கத் தொடங்கிய நீர், பிறகு ஒவ்வோர் ஆண்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. முழுவதையும் இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொன்னவர்களே அதிகம். பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற நம் ஊர்ப் பெரியவர் ஒருவர், ஏணியில் ஏறி ஒவ்வொரு சட்டத்தையும் தட்டிப் பார்த்து, சுவருக்குள் நுழையும் முனைகள் சிலவே இற்றுப்போயிருக்கின்றன, மற்றவை உறுதியாக உள்ளன என்றார். எங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி அவர் அடுத்துச் சொன்னதுதான்: இவ்வகைக் கூரையை அறை அறையாகப் பிரித்துச் சரிசெய்யலாம், ஆகவே கட்டடம் முழுவதையும் ஒரே நேரத்தில் காலி செய்ய வேண்டியதில்லை. இடித்தே ஆக வேண்டியிருந்த கடைசி இரண்டு அறைகளுக்கு மட்டும் கான்கிரீட் தளம் போட்டோம். அதன் முட்டுகளை ஒரு வாரத்தில் பிரித்துவிடலாம் என்று அவசரப்பட்டவர்களிடம், அகலமான அறை, 14 நாள் நிற்கட்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டிக் கெட்டிக்க வேண்டிய வேலை அது. அந்தச் சத்தத்தில் பக்கத்து அறையில் பாடம் நடத்த இயலாது. அதனால் தட்டும் வேலையை விடியற்காலையிலும் மாலையிலும் விடுமுறை நாள்களிலும் வைத்துக்கொள்ளக் கேட்டோம். வீட்டு வேலையை இருட்டிலேயே முடித்துவிட்டு ஆறு மணிக்கு வந்து நின்ற சித்தாள் பெண்களுக்குத்தான் அதனால் சிரமம் கூடியது. பகலில் அவர்கள் சுண்ணாம்பு சலித்தார்கள், செங்கல் ஜல்லி பிரித்தார்கள். கூலி கொடுத்தோம், அந்த ஆறு மணிக்கு ஈடாகக் கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை.

ஊரில் உள்ள முன்னாள் ராணுவ வீரர்கள் முறை வைத்துக்கொண்டு வாயிலில் நின்று, முதல் மணி அடித்த பிறகு எந்த லாரியையும் உள்ளே விடவில்லை. அவர்களில் ஒருவர் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, காலைதோறும் மைதானம் முழுக்க இழுத்து ஆணிகளைப் பொறுக்கினார். செருப்பில்லாமல் ஓடும் பிள்ளைகள் உள்ள பள்ளியில் இது சிறிய காரியமன்று. கான்கிரீட் தளத்தில் பாத்தி கட்டித் தேக்கிய நீர், கிணற்றுப் பாசனத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்ட விவசாயி ஒருவர் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அது வற்றாமல் பார்த்துக்கொண்டவர்கள், பீடி சுற்றும் தட்டைக் கையோடு கொண்டுவந்து பள்ளித் திண்ணையில் அமர்ந்த தாய்மார்கள்.

சுற்றுச்சுவரின் வடபகுதியும் மாணவியர் கழிவறைக்கான தண்ணீர்க் குழாயும் இன்னும் பாக்கி. இரண்டையும் அரையாண்டு விடுமுறையில் முடிக்கத் திட்டமிட்டுள்ளோம். இரவல் தந்த தார்ப்பாய்கள், டிரம்கள், இரண்டு ஏணிகள் ஆகியவை இரவுக் காவலர் அறையில் உள்ளன. எது யாருடையது என்று எங்களுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. ஐப்பசி மழை வலுக்கும் முன் உரியவர்கள் வந்து அடையாளம் காட்டிப் பெற்றுக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியை,
அரசு உயர்நிலைப் பள்ளி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.